திறக்கக் கூடியதும் திறக்கக் கூடாததும்: மடிக்கணினியின் சாக்கெட் பற்றிச் சில வரலாற்றுக் குறிப்புகள்

புதுச்சேரியிலிருந்து திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலை, செங்கம் என்று வருகிற நெடுஞ்சாலை, ஊத்தங்கரையைத் தாண்டிக் கிருஷ்ணகிரியில் பெங்களூர்ச் சாலையோடு சேருகிறது. வரிச்சலுகையைத் தேடிப் புதுச்சேரிக்குப் போன எச்சிஎல், ஏசர், லெனோவா போன்ற கம்பெனிகள் கணிப்பொறிகளைப் பூட்டி அனுப்ப ஆலை வைத்தது இந்தச் சாலையின் கீழ்முனையில். மேல்முனையில் பெங்களூர். அங்குள்ள மென்பொருள் அலுவலகங்கள் மடிக்கணினிகளைக் குத்தகைக்கோ விலைக்கோ எடுக்கின்றன, மூன்று நான்கு வருசம் உழைக்கவிடுகின்றன, கணக்குப் புத்தகத்தில் மதிப்பு தீர்ந்ததும் மொத்தமாகக் கழித்துவிடுகின்றன. கழித்தவை சதர் பத்ரப்பா ரோட்டுக்கு, அதாவது எல்லோரும் எஸ்.பி. ரோடு என்று சொல்கிற தெருவுக்கு வருகின்றன. அங்கிருந்து கட்டுக்கட்டாக ஓசூர், கிருஷ்ணகிரி, ஊத்தங்கரை என்று கீழே இறங்குகின்றன. இயந்திரம் புதுசாகப் பூட்டப்படுகிற இடமும் அது பழசாக்கப்படுகிற இடமும் ஒரே சாலையின் இரண்டு முனைகள். நடுவில் இருக்கிறவர்களுக்கு அநேகமாக இரண்டாவதுதான் கைக்கு வருகிறது.

இந்தப் பழசுக்கு வெளிநாட்டில் வேறொரு பெயர் உண்டு. 'வின்டேஜ்' என்பார்கள். திராட்சை மதுவுக்கு அறுவடை ஆண்டைக் குறித்து மதிப்புக் கூட்டுகிற சொல் அது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஐபிஎம் தின்க்பேடுகளைத் தேடித்தேடிச் சேகரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஏழு வரிசை விசைப்பலகை, நடுவே சிவப்புக் குமிழ், கறுப்பு ரப்பர் மேற்பூச்சு என்று உருகுவார்கள். அந்த உருகலில் எனக்குப் பெரிய மரியாதை இல்லை. ஆனால் அவர்கள் தேடுகிற அதே மாடலைத்தான் நம்ம ஊர் டிப்ளமோ பையனும் தேடுகிறான். அவனுக்கு அது 'செகண்ட்ஸ்'. கடைக்காரரிடம் அவன் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "ணா, இதுல ப்ராசசர் மாத்த முடியுமா?"

இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதைத்தான் இங்கே பார்க்க வேண்டும்.

மடிக்கணினிக்குள் ப்ராசசர் இரண்டு விதமாக உட்கார்ந்திருக்கும். ஒன்று சாக்கெட். நூற்றுக்கணக்கான துளைகள் உள்ள சதுரம். ப்ராசசரின் அடியில் இருக்கிற ஊசிகள் அந்தத் துளைகளில் இறங்கும். பக்கத்தில் இருக்கும் சிறு திருகைத் தட்டை ஸ்குரூடிரைவரால் அரைச்சுற்று திருப்பினால் பிடி தளரும், பழையதைத் தூக்கிவிட்டுப் புதியதை வைக்கலாம். இன்னொன்று பற்றவைப்பு. ஊசி கிடையாது, அடியில் ஈய உருண்டைகள். ஆலையிலேயே போர்டோடு உருக்கி ஒட்டியிருப்பார்கள். பாமரக் கைக்கு அதை எடுக்க வழியில்லை.

இது வெறும் தொழில்நுட்ப வேறுபாடு என்று விட்டுவிடலாம். பொறியியல் கல்லூரிகளில் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஆனால் சாக்கெட் என்கிற துளைச் சதுரம், கம்பெனிக்கும் வாங்கியவருக்கும் நடுவில் மூன்றாவதாக ஓர் ஆள் நிற்பதற்கு இடம் விட்டது. அந்த ஆள்தான் மெக்கானிக். அவர் யார், எப்படி வந்தார் என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

இந்தியாவுக்கு வந்த ஆரம்பகாலக் கணிப்பொறிகளில் பலவும் பழசாகத்தான் வந்தன. ஐபிஎம் கம்பெனி 1960களில், அமெரிக்காவில் காலம் முடிந்துகொண்டிருந்த 1401 ரக இயந்திரங்களைக் கொண்டுவந்து, பம்பாயில் புதுப்பித்து, நம்முடைய அரசு நிறுவனங்களுக்கு வாடகைக்கு விட்டது. வாடகை மட்டும் பழசில்லை. 1970களில் நாடாளுமன்றத்தின் பொதுக் கணக்குக் குழு இதைக் கடுமையாக விமர்சித்தது. 1973ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டப்படி பங்கைக் குறைத்துக்கொள்ளச் சொன்னபோது ஐபிஎம் மறுத்து, 1978இல் நாட்டைவிட்டே வெளியேறியது. அவர்கள் விட்டுப்போன இயந்திரங்களை யார் பராமரிப்பது? 1975இன் இறுதியில் அதற்கென்றே அரசு ஒரு நிறுவனத்தைத் தொடங்கியிருந்தது. கம்ப்யூட்டர் மெயின்டனன்ஸ் கார்ப்பரேஷன் என்று பெயர். கொஞ்சம் நின்று யோசித்துப் பார்க்க வேண்டிய பெயர் இது. உற்பத்தி இல்லை, வளர்ச்சி இல்லை, 'பராமரிப்பு' என்ற சொல்லைப் பெயரிலேயே வைத்துக்கொண்ட ஒரு பொதுத்துறை நிறுவனம் இந்த நாட்டில் இருந்தது. 1984இல் பெயரைச் சுருக்கி சிஎம்சி என்று ஆக்கினார்கள். அந்தச் சொல் மூன்றெழுத்துக்குள் காணாமல் போனது. 2001இல் அரசு தன் பெரும்பான்மைப் பங்கை டாடா குழுமத்துக்கு விற்றது. 2015இல் டிசிஎஸ்ஸோடு கரைத்துவிட்டார்கள். டாடா என்கிற பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், ஓசூருக்கு வரும்போது தேவைப்படும்.

அரசின் பராமரிப்பு ஒருபுறம். 1984 நவம்பரில் ராஜீவ் அரசு கொண்டுவந்த கணிப்பொறிக் கொள்கை இன்னொரு கதவைத் திறந்தது. உதிரி பாகங்கள் உள்ளே வரத்தொடங்கின. சென்னை ரிச்சி தெருவிலும் டெல்லி நேரு பிளேசிலும் 'அசெம்பிள்டு' என்கிற ஜாதி பிறந்தது. கம்பெனிப் பெயர் இல்லாத பெட்டி, தைவான் போர்டு, தனியாக வாங்கிய ப்ராசசர். ஒரு தலைமுறைத் தமிழ்நாடு கம்ப்யூட்டரைப் பார்த்ததே அசெம்பிள்டு பெட்டியில்தான். டிடிபி சென்டர்கள், பிரவுசிங் சென்டர்கள், ஏன், தொண்ணூறுகளின் பல சிறுபத்திரிகைகள் பக்கம் கட்டியதும் அதில்தான். பூட்டத் தெரிந்தவனுக்குக் கழற்றவும் தெரிந்தது. பாலிடெக்னிக்கில் படித்தவன், படிக்காதவன், ரேடியோக் கடையில் இருந்தவன் எல்லாரும் இதற்குள் வந்தார்கள். சான்றிதழ் கேட்காத தொழில் அது. சாதிச் சான்றிதழ் உட்பட என்று சொல்ல ஆசைதான். கடை யாருடையது, கீழே உட்கார்ந்து சால்டரிங் வைக்கிறவன் யார் என்று பார்த்தால் அந்த ஆசை நிலைக்காது.

மடிக்கணினியில் 'அசெம்பிள்டு' என்று ஒன்று வரவே இல்லை. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு வடிவம், ஒரு போர்டு. மெக்கானிக்குக் கிடைத்த சில கைப்பிடிகளில் சாக்கெட்டும் ஒன்று. 1997இலிருந்து சில வருசம் இன்டெல், ப்ராசசரை ஒரு சின்ன அட்டையில் பொருத்தி 'மொபைல் மாட்யூல்' என்று விற்றது. பிறகு 2003இல் பென்டியம் எம் வந்தபோது 479 சாக்கெட், 2006இல் கோர் டுவோவுக்கு சாக்கெட் எம், 2007இல் சாக்கெட் பி, 2010 வாக்கில் ஜி1, 2011இல் ஜி2, 2013இல் ஜி3. அதோடு முடிந்தது. அடுத்த தலைமுறையான பிராட்வெல் மடிக்கணினிகளுக்கு 2014, 15இல் வந்தபோது எல்லாமே பற்றவைப்பு.

இந்த வரிசையை வைத்து, கம்பெனிகள் ஒருகாலத்தில் நல்லவையாக இருந்தன என்று முடிவுகட்டிவிடக் கூடாது. சாக்கெட் நமக்காக வைத்ததில்லை. ஒரே போர்டைச் செய்து வைத்துக்கொண்டு, ஆர்டருக்குத் தகுந்தபடி விலை குறைந்த ப்ராசசரையோ கூடியதையோ செருகி அனுப்புவது ஆலைக்கு வசதி. இருப்பு தேங்காது. அந்த வசதியின் மிச்சம்தான் மெக்கானிக்குக் கிடைத்த சுதந்திரம். ஜி1, ஜி2 இரண்டுக்கும் ஏறக்குறைய அதே எண்ணிக்கையில் துளைகள். இருந்தும் ஒன்றில் போவது மற்றதில் போகாது. துளை பொருந்தினாலும் பயாஸ் ஒத்துக்கொள்ளாது. தின்க்பேட் டி420ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த தலைமுறையான ஐவி பிரிட்ஜ் ப்ராசசர் அதன் துளையில் இறங்கும். கம்பெனி பயாஸ் அதை எழுப்பாது. பயாஸையே கழற்றிக் கோர்பூட் போட்டால் எழும். பூட்டு துளையில் மட்டும் இருந்ததில்லை.

2011இல் இன்டெல் 'அல்ட்ராபுக்' என்று ஒரு பேச்சைக் கிளப்பியது. மெலிசு, மெலிசு, இன்னும் மெலிசு. சாக்கெட்டின் உயரம் சில மில்லிமீட்டர். அந்தச் சில மில்லிமீட்டரில்தான் மெக்கானிக் உட்கார்ந்திருந்தார்.

சார்லஸ் பாபேஜ் கணிப்பொறியின் பாட்டன் என்று பாடப்புத்தகத்தில் வருகிறவர். 1832இல் இயந்திரங்களின் பொருளாதாரம் குறித்து ஒரு நூல் எழுதினார். வலைத்துணி நெய்கிற ஒரு இயந்திரம் 1200 பவுனுக்கு வாங்கப்பட்டு, சில வருசத்தில் 60 பவுனுக்கு விற்றதைக் குறித்திருக்கிறார். இயந்திரம் கெடவில்லை, மேலானது வந்துவிட்டது, அவ்வளவுதான். பாபேஜை ஊன்றிப் படித்த மார்க்ஸ் இதைத் தார்மீகத் தேய்மானம் என்ற கருத்தாக வளர்த்தார். உடல் தேயும் முன்பே மதிப்பு தேய்கிறது. அதனால்தான் தேயும் முன்பு இரவும் பகலும் ஓட்டி உழைப்பைக் கறந்துவிட முதலாளி துடிக்கிறான் என்றார். பெங்களூர் அலுவலகம் மூன்று வருசத்தில் மடிக்கணினியைக் கழிப்பது இந்த வகைத் தேய்மானம். எஸ்.பி. ரோட்டுக்காரர் செய்தது என்ன? தேய்ந்துவிட்டதாகக் கணக்கெழுதிய பொருளுக்குள் கொஞ்சம் புது மதிப்பைச் செருகினார். ஐ5 3320எம் இருந்த டி430இல் ஐ7 3632க்யூஎம் போனது. இரண்டும் 35 வாட், சூடு ஏறாது, சார்ஜர் மாற்ற வேண்டியதில்லை, இரண்டு கோர் நான்காகிவிடும். மார்க்ஸ் பேசிய தேய்மானத்தை ஒரு திருகின் அரைச்சுற்று கொஞ்ச காலம் தள்ளிப்போட்டது. தள்ளிப்போட்டது என்பதுதான் சரி. தடுத்துவிட்டதாகக் கொண்டாட ஒன்றுமில்லை.

மெக்கானிக்குகள் சேர்த்து வைத்திருக்கிற அறிவு எந்தப் புத்தகத்திலும் ஒழுங்காக இல்லை. ஊத்தங்கரைக் கடை ஒன்றில் கேட்டபோது வந்த பதில் இது: "பேரைப் பாக்காதீங்க, பேருக்குக் கடைசியில என்ன எழுத்துன்னு பாருங்க. யூ-ன்னா விட்டுருங்க, அது ஒட்டுனது. எம்-னா, க்யூஎம்-னா நாலாம் ஜெனரேஷன் வரைக்கும் பெரும்பாலும் கழட்டலாம். எம்க்யூ கழட்டலாம், ஹெச்க்யூ கழட்ட முடியாது." இரண்டெழுத்தில் ஒன்று மாறினால் பொருளின் விதியே மாறுகிறது. டி440 வாங்கினால் ப்ராசசர் ஒட்டியது. டி440பி என்று ஒரு 'பி' சேர்ந்திருந்தால் சாக்கெட். டி வரிசையில் சாக்கெட்டோடு வந்த கடைசி மாடல்களில் ஒன்று அது, 2013. எக்ஸ்200, எக்ஸ்220 மாதிரி சிறிய உடம்பு மாடல்களில் எப்போதுமே ஒட்டியதுதான். டெல் லேட்டிட்யூடில் இ6420, இ6430, இ6440, எச்பியில் 8460பி, 8470பி. மூட்டை பிரிக்கும்போது கை முதலில் போவது இவற்றுக்குத்தான். இன்னும் சொல்வார்கள்: 45 வாட் ப்ராசசரை 35 வாட் விசிறிக்குக் கீழே வைக்காதே, பேஸ்ட் அதிகம் தடவாதே, மாற்றும் முன்பே பயாஸைப் புதுப்பி, ஏனென்றால் மாற்றிய பிறகு அது எழாமலே போகலாம்.

பற்றவைப்பு வந்ததும் மெக்கானிக் ஒழிந்துபோனார் என்று சொல்வது பொய். 2006 ஜூலையில் ஐரோப்பாவில் ஈயத்துக்குத் தடை வந்து, ஈயமில்லாப் பற்று உலகெங்கும் பரவியது. அடுத்த ஒன்றிரண்டு வருசங்களில் என்விடியா கம்பெனியின் குறைபாடுள்ள சில்லுகள் ஆயிரக்கணக்கில் செத்தன. அவற்றை உயிர்ப்பிக்கப் போய்த்தான் ரிச்சி தெருவும் எஸ்.பி. ரோடும் 'ரீபாலிங்' கற்றுக்கொண்டன. சூடான காற்று, சல்லடை மாதிரித் தகடு, குட்டிக் குட்டி ஈய உருண்டைகள். இன்றைக்கும் ஒட்டிய ப்ராசசரைக் கழற்றி மாற்றுகிற கைகள் இருக்கின்றன. ஆனால் அதற்கு மெசின் வேண்டும், முதல் வேண்டும். ஸ்குரூடிரைவர் ஊத்தங்கரை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கிடைக்கும். ரீபாலிங் மெசினுக்குப் பெங்களூர்தான் போக வேண்டும். அறிவு அழியவில்லை, சாலையின் மேல்முனைக்கு ஏறிக்கொண்டது.

இதே வருசங்களில்தான் தமிழ்நாட்டு அரசு மடிக்கணினி கொடுக்க ஆரம்பித்தது. 2011 செப்டம்பர் 15 அன்று ஜெயலலிதா திட்டத்தைத் தொடங்கினார். 'இலவச' என்ற சொல்லை ஒதுக்கி 'விலையில்லா' என்றார்கள். அடுத்த ஒன்பது பத்து வருசத்தில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் கைக்கு மடிக்கணினி போனது. இந்தியாவில் வேறெங்கும் இந்த அளவில் நடக்கவில்லை. வீட்டில் டேபிளே இல்லாத பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. இதை ஓட்டுக்கான லஞ்சம் என்று எழுதிய நடுத்தர வர்க்கப் பத்திரிகைகளோடு எனக்கு ஒட்டு உறவு இல்லை.

கேட்க வேண்டிய கேள்வி வேறு. திட்டம் நடந்த அதே காலத்தில்தான் சாக்கெட் செத்தது. முதல் வருசங்களில் வந்த ஒரு இயந்திரத்தைத் திறந்து காட்டினார்கள், உள்ளே சாக்கெட் இருந்தது. பிந்தைய ஆண்டுகளில் வந்த ஒன்றைத் திறந்தோம், ஒட்டியிருந்தது. டெண்டர் விதிகளில் திரை எத்தனை அங்குலம், நினைவகம் எவ்வளவு, வட்டு எவ்வளவு என்றெல்லாம் பேரம் நடந்தது. ஆரம்பத்தில் வின்டோஸோடு, சென்னை சி-டாக்கில் உருவான பாஸ் லினக்சும் சேர்ந்து வந்தது. மென்பொருள் விசயத்தில் கட்டற்ற மென்பொருள்காரர்கள் சத்தம் போட்டார்கள், நியாயம்தான். வன்பொருளைத் திறக்கலாமா, மாற்றலாமா என்பது பொதுவில் ஒரு அரசியல் கேள்வியாக எழவே இல்லை. இத்தனை லட்சம் இயந்திரங்களை ஒரே இடத்தில் நின்று வாங்குகிற அரசு, சாக்கெட்டோடு கொடு என்று கேட்டிருந்தால் கம்பெனிகள் கொஞ்சமாவது யோசித்திருக்கும். விற்கக் கூடாது என்று மூடியில் முத்திரை போட்டார்கள். திறக்கலாம் என்று யாரும் எழுதித் தரவில்லை. 2025 மார்ச்சில் தாக்கலான பட்ஜெட்டில், கல்லூரி மாணவர்களுக்கு இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கணினிகள் என்று திமுக அரசு அறிவித்தபோதும் விவாதம் பழைய தடத்திலேயே ஓடியது.

கட்டற்ற மென்பொருள் பக்கத்திலும் ஒரு முரண் உண்டு. இன்டெல் 2006 முதல் தன் சில்லுத் தொகுப்புக்குள் 'மேனேஜ்மென்ட் என்ஜின்' என்கிற இன்னொரு குட்டிக் கணிப்பொறியை வைத்து வருகிறது. உரிமையாளர் பார்க்க முடியாதது, ஆணையிட முடியாதது. 2008ஆம் ஆண்டுத் தலைமுறை வரைக்கும்தான் அதை முழுசாகப் பிடுங்க முடியும். அதனால் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2015இல் லிப்ரிபூட் போட்ட எக்ஸ்200க்கு மரியாதைச் சான்று கொடுத்தது. அந்த எக்ஸ்200இல் ப்ராசசர் ஒட்டியது! அதன் அண்ணன் டி400இல் சாக்கெட். எந்தச் சுதந்திரம் முதலில் என்று கேட்டால் சென்னையில் இருக்கிற தோழர் ஒரு பதில் சொல்வார், ஊத்தங்கரைப் பையன் வேறு பதில் சொல்வான். பையன் பக்கம்தான் நான்.

இப்போது ஓசூர். 1970களில் சிப்காட் வந்தது, பிறகு அசோக் லேலண்ட், டைட்டன். டைட்டன், டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984இல் தொடங்கியது. கைக்கடிகாரம், யோசித்துப் பார்த்தால், கழற்றிப் பூட்டுகிற நாகரிகத்தின் உச்சம். தெருவுக்கு ஒரு வாட்ச் ரிப்பேர்க்காரர், கண்ணில் ஒரு லென்ஸ். குவார்ட்ஸ் கடிகாரம் வந்து அவரையும் பேட்டரி மாற்றுகிறவராகச் சுருக்கியது. அடுத்தது டாடா எலக்ட்ரானிக்ஸ். ஓசூர் அருகே, இதே கிருஷ்ணகிரி மாவட்டத்தில், ஐபோன் பாகங்கள் செய்கிற ஆலை. வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். விடுதி, கம்பெனி பஸ், ஷிப்டு. எல்லைக்கு அந்தப்பக்கம் கோலார் மாவட்டம் நரசாபுராவில், 2020 டிசம்பரில் கூலிப் பாக்கிக்காகவும் நீண்ட ஷிப்டுக்கு எதிராகவும் தொழிலாளர்கள் விஸ்ட்ரான் ஆலையை அடித்து நொறுக்கினார்கள். ஐபோன் பூட்டுகிற அந்த ஆலையும் 2023இல் டாடா கைக்கு வந்தது.

பராமரிப்பைப் பெயரில் வைத்திருந்த அரசு நிறுவனம் போய்ச்சேர்ந்த அதே குழுமம், கழற்றக் கூடாத பொருளின் பாகங்களைச் செய்கிற ஆலையை நம்ம மாவட்டத்தில் நடத்துகிறது. சதி ஒன்றும் இல்லை, மூலதனம் போகிற வழி அது. ஐபோனில் ப்ராசசரைப் பேச வேண்டாம். திரையையோ கேமராவையோ மாற்றினாலே, பாகத்தின் எண்ணும் போனின் எண்ணும் பொருந்தவில்லை என்று போன் எச்சரிக்கிற அமைப்பை ஆப்பிள் வைத்தது. 2022 ஜூலையில் ஒன்றிய அரசு பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது, பிறகு இணையதளமும் திறந்தது. கம்பெனிகளின் சர்வீஸ் சென்டர் முகவரிகளை அதில் பார்க்கலாம். ஊத்தங்கரையில் உள்ள மெக்கானிக்குக்கு சர்க்யூட் வரைபடம் கிடைக்கவில்லை. ஐபிஎம் ஒருகாலத்தில் தின்க்பேடுக்கு எந்தத் திருகை எந்த வரிசையில் கழற்ற வேண்டும் என்று படம் போட்ட கையேட்டை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி வெளியிட்டது. 2005இல் அந்தத் தொழிலை வாங்கிய லெனோவாவும் அதைத் தொடர்ந்தது. வியாபாரிகளே செய்துகாட்டிய விசயம்தான். சட்டமாகக் கேட்கிறபோது மட்டும் ஏன் இத்தனை தயக்கம்?

ஆலையில் நாள் முழுக்க நுண்ணிய பாகங்களைக் கையாள்கிற பெண், விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது அவள் விரல்களுக்கு ஒரு தொழில்நுட்பத் திறன் இருக்கிறது. அந்தத் திறனுக்கு ஊரில் வேலை இல்லை. அவள் அறிந்தது நூறு படிகளில் ஒரு படி. முழு இயந்திரத்தை அவள் ஒருதரம்கூடத் திறந்து பார்த்ததில்லை. அசெம்பிள்டு காலத்து ரிச்சி தெருப் பையன் கூலிக்கு மாரடித்தாலும் இயந்திரம் முழுவதையும் பார்த்தான். அந்தத் தெருவில் பெண்களுக்கு இடமே இல்லாமல் இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இப்போது இடம் கிடைத்திருக்கிறது, பார்வை பிடுங்கப்பட்டிருக்கிறது.

2025 அக்டோபர் 14இல் மைக்ரோசாஃப்ட் வின்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை நிறுத்தியது. வின்டோஸ் 11, 2017க்கு முந்தைய ப்ராசசர்களை அநேகமாக ஏற்பதில்லை. ஆறாம், ஏழாம் தலைமுறை இயந்திரங்கள் அலுவலகங்களிலிருந்து ஒட்டுமொத்தமாகக் கழிகின்றன. நன்றாக ஓடுகிற இயந்திரங்கள்தான், பாபேஜ் பார்த்த வலைத்துணி இயந்திரம் மாதிரி. எஸ்.பி. ரோட்டில் அவற்றை மலிவாக அள்ளலாம். லினக்ஸ் போட்டுக் கொடுத்தால் இன்னும் பல வருசம் ஓடும், போட்டும் கொடுக்கிறார்கள். ஆனால் எல்லாமே ஒட்டியவை. நினைவகம் கூட்டலாம், வட்டு மாற்றலாம், ப்ராசசரைத் தொட முடியாது. சாக்கெட் வைத்த டி430, டி440பி, இ6440 எல்லாம் இந்தப் புதுவரவுக்கு அடியில் போய்விட்டன. மூடி உடைந்தது, சார்ஜர் இல்லாதது, கீல் கழன்றது என்று ஒதுக்கி, கடைசியில் கிலோ கணக்கில் எடைக்குப் போகிறது. வாங்குகிறவர்கள் தங்க முலாம் பூசிய ஊசிகளுக்காக ப்ராசசரைத் தனியே பிடுங்கி அமிலத்தில் போடுகிறார்கள். அதற்கும் அதே திருகு, அதே அரைச்சுற்று.